மட்டக்களப்புக்கு ஒரு எல்பிஎல் அணி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

லங்கா பிரீமியர் லீக் (எல்பிஎல்) என்ற இருபது ஓவர் கிரிக்கெட் தொடர் தொடங்கும் ஒவ்வொரு முறையும் மட்டக்களப்பிலும் கல்முனையிலும் அக்கரைப்பற்றிலும் ஒரே கேள்விகள்தான் எழுகின்றன. கழகக் கூட்டங்களிலும் மைதான ஓரங்களிலும் கேட்டவற்றை, கேட்டவர்களின் சொற்களிலேயே இங்கே தொகுத்திருக்கிறோம். எளிய கேள்விகள் முதலில், சிக்கலானவை பிறகு.

நம்மட ஊருக்கு எல்பிஎல் டீம் வருமா, வராதா?

வரலாம். ஆனால் இந்தக் கேள்விக்குள் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. மட்டக்களப்பின் பெயரில் ஓர் அணி ஆடுமா என்பது ஒன்று. மட்டக்களப்பில் எல்பிஎல் போட்டி நடக்குமா என்பது மற்றது. பெயரைப் பணமும் அனுமதியும் உள்ள ஒரு முதலீட்டாளர் சில மாதங்களில் வாங்கிவிடலாம். போட்டி நடக்க வேண்டுமானால் மைதானம், வெளிச்சம், தங்குமிடம், போக்குவரத்து என்று ஆண்டுக்கணக்கில் வேலை இருக்கிறது. கூட்டங்களில் வரும் சண்டைகளில் பாதி, இந்த இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்புவதால் வருபவை.

டீம் எண்டா யாரு குடுக்கிற? சிறிலங்கா கிரிக்கெட்டா, அரசாங்கமா?

தொடரின் சொந்தக்காரர் இலங்கை கிரிக்கெட் நிறுவனம். 2020இல் தொடங்கியபோது அதை நடத்தும் உரிமை ஐபிஜி என்ற துபாய் நிறுவனத்திடம் ஒப்படைக்கப்பட்டது. அணிகளுக்கு முதலீட்டாளர்களைத் தேடுவது நடத்தும் நிறுவனத்தின் வேலை, ஒப்புதல் தருவது கிரிக்கெட் நிறுவனத்தின் வேலை. மாநகர சபையோ மாவட்டச் செயலகமோ மாகாண சபையோ அணி தர முடியாது. ஆகவே அரசியல்வாதிகளிடம் மகஜர் கொடுத்து அணி கேட்பதில் பயன் குறைவு. மைதானத்துக்குக் காணி கேட்டு மகஜர் கொடுத்தால் அதற்குப் பொருள் உண்டு.

யாழ்ப்பாணத்துக்கு மட்டும் எப்படிக் கிடைச்ச?

முதல் தொடரிலேயே கொழும்பு, கண்டி, காலி, தம்புள்ளை, யாழ்ப்பாணம் என்று ஐந்து பெயர்கள் தீர்மானிக்கப்பட்டன. யாழ்ப்பாணத்துக்கு முதலீடு செய்ய ஆட்கள் முன்வந்தார்கள். 2020இல் ஜப்னா ஸ்டாலியன்ஸ் என்ற பெயரில் ஆடி வென்றது. 2021இல் லைக்கா நிறுவனம் அணியை வாங்கி ஜப்னா கிங்ஸ் ஆக்கியது. 2021, 2022, 2024 ஆண்டுகளிலும் கிண்ணம் யாழ்ப்பாணத்துக்கே போனது. இடையில் 2023இல் மட்டும் கண்டி வென்றது.

இத்தனை வெற்றிக்கும் நடுவில், முதல் ஐந்து தொடர்களில் அந்த அணி யாழ்ப்பாணத்தில் ஒரு போட்டிகூட ஆடவில்லை. போட்டிகள் அம்பாந்தோட்டை, கொழும்பு, பல்லேகல, தம்புள்ளை மைதானங்களில் நடந்தன. முதல் கேள்வியில் சொன்ன இரண்டும் தனித்தனி என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி வேண்டியதில்லை.

அப்ப மைதானம் கட்டாமலே டீம் ஒண்ட எடுக்கலாமே, என்னத்துக்கு யோசிக்கிற?

எடுக்கலாம். செலவைப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். 2023இலும் 2024இலும் வீரர் ஏலத்துக்கு ஒரு அணிக்கு அனுமதிக்கப்பட்ட உச்சத் தொகை 5 இலட்சம் அமெரிக்க டொலர். டொலர் 300 ரூபாய் என்று வைத்தாலே 15 கோடி. 2024 ஏலத்தில் மதீஷ பத்திரண ஒருவருக்கே கொழும்பு ஸ்ட்ரைக்கர்ஸ் 1 இலட்சத்து 20 ஆயிரம் டொலர் கொடுத்தது. இதற்கு மேலே உரிமக் கட்டணம், பயிற்றுநர் குழு, மூன்று வாரத்துக்கு ஹோட்டல், விமானச் சீட்டு, காப்புறுதி, விளம்பரம் எல்லாம் தனி.

வருமானம் பெரும்பாலும் அனுசரணையிலிருந்தே வரவேண்டும். ஐந்து தொடர்களில் தம்புள்ளை வைக்கிங், ஜயண்ட்ஸ், ஓரா, தண்டர்ஸ், சிக்சர்ஸ் என்று பெயர் மாறிக்கொண்டே இருந்ததைப் பாருங்கள். உரிமையாளர் மாறினால் பெயரும் மாறும், நிறமும் மாறும், ஆதரவாளர் வாங்கிய சட்டையும் வீணாகும். சொந்த மைதானமும் ஊர்ப்பற்றும் இல்லாத அணி ஒரு முதலாளியின் வருகையோடு வந்து அவரோடே போய்விடும்.

ஐஞ்சு டீம ஆறாக்கிறதில அப்படி என்ன கஷ்டம்?

கணக்கில்தான் கஷ்டம். ஐந்து அணிகள் ஒன்றோடொன்று இரண்டு முறை ஆடினால் 20 போட்டிகள். இறுதிக் கட்டத்துக்கு 4 சேர்த்தால் 24. இதை 2024இல் ஜூலை 1 முதல் 21 வரை மூன்று வாரத்துக்குள் முடித்தார்கள். ஆறு அணிகள் என்றால் 30, இறுதிக் கட்டத்தோடு 34. பத்துப் போட்டி கூடினால் ஒரு வாரத்துக்கு மேல் நாட்கள் வேண்டும். சர்வதேச அட்டவணையில் அந்த ஒரு வாரத்தைப் பிடிப்பதுதான் பெரிய போராட்டம். வெளிநாட்டு வீரர் அடுத்த லீக்குக்குப் போக நாள் பார்த்துக்கொண்டிருப்பார்.

வீரர்களும் வேண்டும். பதினொருவரில் நான்கு வெளிநாட்டவர் போக ஏழு உள்ளூர் வீரர்கள். ஆறாவது அணி வந்தால் களத்தில் மட்டும் இன்னும் ஏழு பேர், மேலதிக வீரர்களோடு இரட்டிப்பு. ஆறு அணி ஆகவே ஆகாது என்று சொல்லவில்லை. 2024 டிசம்பரில் நடந்த லங்கா டி10 தொடரில் ஆறு அணிகள் ஆடின, அம்பாந்தோட்டைக்கும் நுவரெலியாவுக்கும் தங்கள் பெயரில் அணி கிடைத்தது. கிழக்கின் பெயர் அதிலும் வரவில்லை.

வெபர் மைதானத்தில விளையாட ஏலாதா?

வெபர் நம் எல்லாருக்கும் பிரியமான இடம். அமெரிக்காவின் நியூ ஓர்லியன்ஸிலிருந்து வந்து புனித மிக்கேல் கல்லூரியில் விளையாட்டை வளர்த்த அருட்தந்தை ஹரல்ட் வெபரின் பெயரைத் தாங்கியிருப்பது. ஆனால் நகர நடுவில் ஓட்டத்துக்கும் கால்பந்துக்கும் அமைந்த ஒரு மைதானத்தில் எல்பிஎல் கிரிக்கெட் ஆட முடியாது. அளவு காரணம்.

எட்டுத் தடம் கொண்ட 400 மீற்றர் ஓடுபாதையின் வெளி அகலம் சுமார் 92 மீற்றர். சர்வதேச விதிப்படி ஆண்களுக்கான கிரிக்கெட்டில் ஆடுகளத்தின் மையத்திலிருந்து எல்லைக்கோடு 65 யார் தூரத்துக்குக் குறையக்கூடாது, 90 யார் தூரத்துக்குக் கூடக்கூடாது. மீற்றரில் 59.43 முதல் 82.29 வரை. ஆகக் குறைந்த அளவை எடுத்தாலே குறுக்காக 119 மீற்றர் வேண்டும். எல்லைக் கயிற்றுக்கும் வேலிக்கும் இடையே 3 யார் இடைவெளி கட்டாயம். ஆக 124 மீற்றருக்கு மேல். 92க்குள் 124 அடங்காது.

அப்ப எவ்வளவு காணி வேணும்?

ஆட்ட எல்லையை 75 மீற்றர் ஆரத்தில் வைத்து, வெளியே 3 மீற்றர் விட்டால், வட்டத்துக்கு மட்டும் 19,000 சதுர மீற்றர், அதாவது கிட்டத்தட்ட 4¾ ஏக்கர். உடைமாற்றும் கட்டடம், பார்வையாளர் மேடை, ஒளிபரப்பு வாகனங்கள் நிற்கும் இடம், பக்கத்தில் பயிற்சி வலைகள், வாகனத் தரிப்பிடம் எல்லாம் சேர்ந்தால் 12 ஏக்கருக்குக் குறையாத துண்டைத் தேடுங்கள். தொடக்கத்தில் கொங்கிரீட் மேடைகள் வேண்டாம். புல்மேடு போதும். தம்புள்ளை மைதானத்தை 167 நாளில் கட்டினார்கள் என்பார்கள். அங்கே நம்மைப்போல வெள்ளச் சிக்கல் இல்லாததை மறக்கக்கூடாது.

நமக்குக் காணி தெரிவில் பெரிய பொறி தாழ்நிலம். வாவியோரத்திலும் வயலோரத்திலும் மலிவாகக் கிடைக்கும் துண்டைக் கண்டு மயங்க வேண்டாம். மார்கழி வெள்ளத்தில், வாவி கடலில் கலக்கும் முகத்துவாரத்தை வெட்டிவிடும்வரை தண்ணீர் எந்த மட்டத்தில் நிற்கிறது என்று அந்தப் பகுதி விவசாயிகளிடம் கேட்டு, அந்த மட்டத்துக்கு மேலே ஒரு மீற்றராவது இருக்கும் நிலத்தையே எடுக்க வேண்டும். நிலத்தை உயர்த்தக் கிறவல் கொட்டினால் காணி வாங்கியதைவிடச் செலவு கூடும். வாவி ஒதுக்கீட்டுக்குள் வரும் நிலத்துக்கு அனுமதியும் கிடைக்காது.

நம்மட மணல் மண்ணில பிட்ச் போட ஏலுமா?

ஏலும். ஆனால் நம் மண்ணில் இல்லை, கொண்டுவந்த மண்ணில். ஆடுகளத்துக்கு ஈரத்தில் வீங்கி, காய்ந்ததும் கல்லாக இறுகும் களிமண் வேண்டும். இலங்கையில் இதற்குப் பேர்போனது மன்னார் மாவட்டத்து முருங்கன் களிமண். கரையோர மணல் தண்ணீரை வேகமாக வடித்துவிடும். வெளிப்புலத்துக்கு அது வரம். மழை விட்டு ஒரு மணித்தியாலத்தில் ஆடலாம். ஆடுகளத்துக்கு அதே மணல் உதவாது.

ஒரு ஆடுகளப் பட்டை 3.05 மீற்றர் அகலம். ஓடிவரும் இடத்தையும் சேர்த்து 25 மீற்றர் நீளம் என்று வைப்போம். இறுகிய களிமண் 15 சென்ரிமீற்றர் தடிப்பு. கணக்கிட்டால் 11½ கன மீற்றர். தளர்வாக ஏற்றிவரும்போது அது 16 கன மீற்றர் அளவாகும், நம் கணக்கில் ஐந்தரை முதல் ஆறு கியூப். ஐந்து பட்டைக்கு 30 கியூப், பெரிய டிப்பரில் பத்துத் தடவை. தொடருக்கு ஐந்து பட்டைகளாவது வேண்டும், ஏனெனில் ஆடிய பட்டைக்கு இரண்டு மூன்று வாரம் ஓய்வு கொடுக்காவிட்டால் அடுத்த ஆட்டத்தில் பந்து உருளும். மண்ணை வாங்குமுன் ஒரு பிடி எடுத்துப் பிசைந்து கோலியளவு உருண்டைகள் செய்து ஒரு வாரம் நிழலில் காயவையுங்கள். காலால் மிதித்ததும் பொடியானால் அந்த மண் வேண்டாம்.

போடும் முறையில்தான் பெரும்பாலானவர்கள் கெடுக்கிறார்கள். 30 சென்ரிமீற்றர் தோண்டி, அடியில் சல்லி, அதன்மேல் மணல், பிறகு களிமண். களிமண்ணை ஒரேயடியாகக் கொட்டி உருளையை ஓட்டக்கூடாது. இரண்டரை சென்ரிமீற்றர் தடிப்பில் பரப்பி, ஈரப்பதம் பார்த்து உருட்டி, மேற்பரப்பை வாரிக் கிளறிவிட்டு அடுத்த படையைப் போட வேண்டும். கிளறாமல் போட்டால் படைகள் ஒட்டாமல் பாய் அடுக்கியதுபோலக் கிடக்கும். மேலே பார்க்க அழகாக இருக்கும், பந்து ஒன்று முழங்காலுக்கும் அடுத்தது தோளுக்கும் வரும். முதலில் 500 கிலோ உருளை, இறுகிய பிறகு ஒன்று முதல் இரண்டு தொன். மேலே அறுகம்புல். அதன் வேர் களிமண்ணைப் பிடித்து வைக்கும். போட்டு முடித்து ஆட எடுக்க ஆறு மாதமாவது பொறுக்க வேண்டும். அவசரப்பட்டு முதல் மாதமே ஒரு கிண்ணத் தொடர் வைத்தால் பட்டை போச்சு.

தண்ணி? கிணத்துத் தண்ணி போதுமா?

19,000 சதுர மீற்றருக்கு நாளொன்றுக்கு 5 மில்லிமீற்றர் பாய்ச்சினால் 95,000 லீற்றர். வறட்சிக் காலத்தில் இது நாள்தோறும் வேண்டியது. கரையோரத்தில் ஒரே கிணற்றிலிருந்து இவ்வளவு இறைத்தால் உப்புத் தண்ணீர் ஏறும். வெளிப்புலத்து அறுகம்புல் ஓரளவு உப்பைத் தாங்கும், ஆடுகளக் களிமண் தாங்காது. உப்பேறிய களிமண் கட்டுக்கோப்பு இழந்து, நனைந்தால் சேறும் காய்ந்தால் தூளுமாகிவிடும். ஆகவே பல ஆழமற்ற கிணறுகளில் பிரித்து இறையுங்கள். ஆடுகளத்துக்கு மட்டும் மழைநீர்த் தொட்டியோ குழாய்நீரோ ஒதுக்குங்கள்.

மழையும் வெள்ளமும் வாற ஊரில எப்படி மெச் வைக்கிற?

மாதத்தைப் பொறுத்தது. 2020, 2021, 2022 தொடர்கள் நவம்பர், டிசம்பர் மாதங்களில் நடந்தன. அந்தக் காலம் நமக்கு வடகீழ்ப் பருவமழை, போட்டி வைக்கவே முடியாது. 2023இல் ஜூலை 30 முதல் ஓகஸ்ட் 20 வரை, 2024இல் ஜூலையில் நடந்தன. ஜூலை, ஓகஸ்டில் கொழும்பிலும் கண்டியிலும் தென்மேற்கு மழை குறுக்கிடலாம். நமக்கோ வரண்ட காலம். கிழக்கின் பக்கம் உள்ள மிக வலுவான வாதம் இதுதான். கிரிக்கெட் நிறுவனத்துக்கு எழுதும் கடிதத்தில் முதல் பந்தியிலேயே இதைச் சொல்ல வேண்டும்.

அதே மாதங்களில் கச்சான் என்ற வறண்ட காற்று வீசும். பகலில் ஆடுகளத்தை வறட்டி வெடிக்கச் செய்யும். காலையில் நீர் தெளித்துப் பாய் மூடி வைத்து, மாலையில் திறந்தால் சமாளிக்கலாம். இரவு ஆட்டமே நமக்கு ஏற்றது.

இரவு ஆட்டத்துக்கு லைட் போட நம்மட கழகங்களால ஏலுமா?

கழகப் போட்டிக்கான வெளிச்சம் என்றால் ஊர்த் திரட்டலில் செய்யலாம்: ஆடுகளச் சதுரத்தில் 500 லக்ஸ் (வெளிச்சத்தை அளக்கும் அலகு), வெளிப்புலத்தில் 300. தொலைக்காட்சி ஒளிபரப்புக்கு இதைப்போல மூன்று நான்கு மடங்கு வேண்டும், அது அரசு அல்லது கிரிக்கெட் நிறுவனத்தின் பணம் இல்லாமல் நடக்காது. புதிதாகப் போடுவதானால் எல்இடி போடுங்கள். பழைய வகை மெற்றல் ஹேலைட் விளக்கு மின்தடைக்குப் பிறகு திரும்ப ஒளிர 10, 15 நிமிடம் எடுக்கும். மின்பிறப்பாக்கியையும் சேர்த்தே திட்டமிட வேண்டும். கம்பங்களின் அடித்தளத்தில் சிக்கனம் பார்க்கக்கூடாது. 1978 நவம்பர் 23இன் சூறாவளியைக் கண்ட கரை இது.

ஹோட்டல், ஏர்போட் எல்லாம் இரிக்கிதானே?

இருக்கிறது, குறைகளோடு. இரு அணிகளும் நடுவர்களும் ஒளிபரப்புக் குழுவும் ஒரே நேரத்தில் தங்க நல்ல தர அறைகள் நூற்றுக்கு மேல் வேண்டும். பாசிக்குடா விடுதிகளைச் சேர்த்தால் அது முடியும். நகரிலிருந்து 30 கிலோமீற்றருக்குச் சற்று மேல், பேருந்தில் முக்கால் மணித்தியாலம். அம்பாந்தோட்டையிலும் தம்புள்ளையிலும் வீரர்கள் தூரத்து விடுதிகளிலிருந்துதான் வருகிறார்கள், ஆகவே இது தடையில்லை.

மட்டக்களப்பு விமான நிலையம் 2018இல் பொதுப் பயணிகளுக்குத் திறக்கப்பட்டது. ஓடுபாதை ஒன்றரைக் கிலோமீற்றர் அளவு, சிறிய சுழல்விசிறி விமானங்களுக்கே பொருந்தும். அணிகள் தம்புள்ளையிலிருந்து தரைவழியாக வருவதே நடைமுறை. ஒளிபரப்பு லொறிகளும் அதே பாதையில்தான் வரும். ஒரு மைதானத்திலிருந்து இன்னொன்றுக்குக் கருவிகளைப் பெயர்த்து அமைக்க இரண்டு நாள் போகும். அதனால் வந்தால் ஐந்தாறு போட்டிகளைச் சேர்த்தே வைப்பார்கள். ஒரே ஒரு போட்டிக்காக இங்கே வரமாட்டார்கள். ஐந்து பட்டை வேண்டுமென்று மேலே சொன்னதற்கு இதுவும் ஒரு காரணம்.

நம்மட பேரில டீம் வந்தா நம்மட பொடியன்மார் ஆடுவாங்களா?

பெயர் வந்ததால் மட்டும் ஆடமாட்டார்கள். ஊர் வீரரைச் சேர்க்கவேண்டிய கட்டாயம் உரிமையாளருக்கு இல்லை. யாழ்ப்பாண அணியின் முதல் தலைவர் திசர பெரேரா. யாழ்ப்பாணத்தில் பிறந்து அங்கேயே கற்றவர்களில் நிலையாக இடம்பிடித்தவர் விஜயகாந்த் வியாஸ்காந்த். 2020இல் எல்பிஎல்லில் அறிமுகமானார், 2024இல் ஐபிஎல்லில் சன்ரைசர்ஸ் ஹைதராபாத்துக்கு ஆடினார். ஆனால் அந்த ஒரு வாசல் திறந்தது அணி இருந்ததால்தான். பயிற்சி வலையில் சர்வதேசத் துடுப்பாட்ட வீரருக்குப் பந்து வீசும் வாய்ப்பு வேறு எங்கே கிடைக்கும்?

நம் பிள்ளைகளின் தடை வேறு இடத்தில் இருக்கிறது. கிழக்கில் மென்பந்து ஆடுபவர் ஆயிரக்கணக்கில். கடினபந்து ஆடுவோரிலும் பலர் கொங்கிரீட்டில் விரித்த பாய் ஆடுகளத்தில் வளர்கிறார்கள். பாயில் பந்து சீராக எழும்பும், புற்தரையில் தாழ்ந்தும் திரும்பியும் வரும். பத்தொன்பது வயதில் கொழும்புக்குப் போய் முதன்முறை புற்தரையில் ஆடுபவர் தேர்வாளர் முன்னால் தடுமாறுவது அவர் பிழையில்லை. மட்டக்களப்புக் கோட்டைமுனை விளையாட்டுக் கிராமம் போன்ற புற்தரை முயற்சிகளை நாங்கள் இவ்வளவு பெரிதாக மதிப்பது இதனால்தான்.

பேர் மட்டக்களப்பு எண்டு வைக்கிறதா, கிழக்கு எண்டு வைக்கிறதா? அம்பாறை ஆக்கள் சும்மா இருப்பாங்களா?

சும்மா இருக்கமாட்டார்கள், இருக்கவும் தேவையில்லை. 2012 குடிசன மதிப்பீட்டிலேயே மட்டக்களப்பு மாவட்டத்தில் ஐந்து இலட்சத்துக்கு மேல், அம்பாறையில் ஆறு இலட்சத்துக்கு மேல் மக்கள். அனுசரணையாளர் பார்ப்பது இந்தப் பதினொரு இலட்சத்தைத்தான், ஒரு மாநகரத்தை மட்டும் இல்லை. கல்முனையின் சந்தாங்கேணியிலும் அக்கரைப்பற்றிலும் சம்மாந்துறையிலும் உள்ள ரசிகர் கூட்டம் இல்லாமல் எந்த மைதானமும் நிறையாது.

எல்பிஎல் இதுவரை நகரப் பெயர்களையே வைத்திருக்கிறது. எங்கள் கருத்து: அணிக்குக் கிழக்கின் பெயர், மைதானம் மட்டக்களப்புக்கும் கல்முனைக்கும் இடைப்பட்ட பெருந்தெருவோரம், பயிற்சி நிலையங்கள் இரு மாவட்டத்திலும். தமிழர், முஸ்லிம்கள், சிங்களவர் மூவரும் ஒரே சட்டை அணிந்து உட்கார இங்கே வேறு எது இருக்கிறது?

வெளிநாட்டில இரிக்கிற ஒருத்தர் டீம் எடுத்துத் தாறன், பங்குக் காசு தாங்க எண்டு கேட்கிறார். குடுக்கலாமா?

எழுத்தில் எதுவும் பார்க்காமல் ஒரு ரூபாயும் கொடுக்காதீர்கள். நிறுவனப் பதிவு, இலங்கை கிரிக்கெட் நிறுவனத்தின் கடிதம், பங்குகளின் விவரம், அணி கிடைக்காவிட்டால் பணம் எத்தனை நாளில் திரும்பும் என்ற உடன்படிக்கை, இவை நான்கும் வேண்டும். தனியாள் கணக்குக்குப் பணம் போடச் சொன்னால் அங்கேயே நிறுத்துங்கள்.

உரிமம் பெற்றவர்களே நிலைக்காமல் போயிருக்கிறார்கள். கொழும்பு கிங்ஸ், தம்புள்ளை வைக்கிங் உரிமங்கள் 2021இல் இரத்தாயின. 2024 மே மாதம் தம்புள்ளை தண்டர்ஸ் உரிமையாளர் ஆட்ட நிர்ணயக் குற்றச்சாட்டில் கைதானார், அணியின் உரிமமும் போனது. விளையாட்டு தொடர்பான குற்றங்களைத் தடுக்கும் 2019ஆம் ஆண்டு 24ஆம் இலக்கச் சட்டத்தில் இதற்குச் சிறை உண்டு. யாருடைய காசு என்று தெரியாமல் ஊர்ப்பெயரைக் கொடுத்தால் அந்த அழுக்கு ஊர்மேல் ஒட்டும்.

கிரிக்கெட் இவ்வளவு செலவெண்டா புட்போல் டீம் எடுக்கலாமே?

செலவில் கால்பந்து எளிது. 105க்கு 68 மீற்றர் களம் ஓடுபாதைக்குள்ளேயே அடங்கும், வெபர் போன்ற இடமே போதும். சிக்கல் லீக்கில் இருக்கிறது. 2021இல் பத்துக் கழகங்களோடு சூப்பர் லீக் தொடங்கியது, புளூ ஸ்டார் வென்றது. 2023 ஜனவரியில் பீஃபா இலங்கையை இடைநிறுத்தி, ஓகஸ்டில்தான் விலக்கியது. நிலையான தொழில்முறை லீக் இல்லாத விளையாட்டில் தொழில்முறை அணி வைத்தால் ஆட ஆளில்லை. கழகக் கால்பந்தை வளர்ப்பதை அதற்காக நிறுத்த வேண்டாம்.

யாழ்ப்பாணம் மண்டைதீவில இன்ரநெசனல் மைதானம் கட்டினா நமக்கு இனிக் கிடைக்காதுதானே?

அப்படி இல்லை. 2025 செப்டெம்பர் 1ஆம் திகதி மண்டைதீவில் சனாதிபதி அநுர குமார திசாநாயக்க அடிக்கல் நாட்டினார். அது நடந்தால், தலைநகருக்குத் தூரமான கரையோர மணலிலும் மைதானம் அமைக்கலாம் என்பதற்கு அரசே எடுத்துக்காட்டாகிவிடும். அங்கே களிமண், உப்பு, வடிகால் சிக்கல்களை எப்படித் தீர்க்கிறார்கள் என்று நம் மாவட்டச் சங்கத்தினர் நேரில் போய்ப் பார்த்துக் குறிப்பெடுக்க வேண்டும். பொறாமைப்பட இதில் ஒன்றுமில்லை.

சரி, டீம் வரும்வரைக்கும் இப்ப நம்மளால என்ன செய்ய ஏலும்?

ஒரு பட்டை போடுங்கள். ஆறு கியூப் களிமண், ஒரு உருளை, ஒரு பாய், முழுநேரப் பராமரிப்பாளர் ஒருவர். பராமரிப்பாளரைக் கொழும்பு மைதானம் ஒன்றுக்கு மூன்று மாதம் பயிற்சிக்கு அனுப்புங்கள். மண்ணைவிட அவர் முக்கியம், நல்ல பட்டைகள் பல ஆளில்லாமல்தான் அழிகின்றன. பாடசாலை அணிகளுக்கு வாரத்தில் இரண்டு நாள் ஒதுக்குங்கள். கழகங்கள் மாதச் சந்தாவைப் பராமரிப்பாளர் சம்பளத்துக்கென்று தனிக் கணக்கில் வையுங்கள்.

அடுத்த ஆண்டு ஜூலை, ஓகஸ்டில் மாவட்டங்களுக்கிடையிலான 19 வயதுக்குட்பட்டோர் போட்டி ஒன்றை இங்கே நடத்தக் கேளுங்கள். மழைப் பதிவையும் பார்வையாளர் எண்ணிக்கையையும் எழுதி வையுங்கள். பிறகு முதல்தரப் போட்டி ஒன்று கேளுங்கள். எல்பிஎல் காரர்கள் மைதானம் பார்க்க வரும் நாளில் மேசையில் வைக்க அந்தப் பதிவேடு வேண்டும்.